லினியாவின் துப்பாக்கி

அத்தியாயம் ஒன்பது

அன்றைக்கும் வெண்டல் காலைச் சாப்பாட்டைக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துதான் முடித்தான். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். முந்தின நாள் வாங்கிய, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி கல்லாக இறுகிக் கிடந்தது. சூடு பண்ணலாம் என்றால் அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல். ஆறிப்போன மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மென்று விழுங்கிவிட்டு, சுவரோரமாகவே நகர்ந்து வந்து காரில் ஏறினான்.

ஊரே அப்படித்தான் இருந்தது. மூன்று நாளுக்கு முன்பு, மான் வேட்டைப் பருவத்தில், காலை ஏழரை மணிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஆர்விட் தன் சமையலறை ஜன்னலருகே காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். தோட்டா கண்ணாடியைத் துளைத்து அவர் நெஞ்சில் இறங்கியது. வேட்டைக் காலம், குறி தவறிய தோட்டா என்றே முதலில் எல்லோரும் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆறு மைல் தள்ளி, மர ஒப்பந்தக்காரர் ஓரினின் சமையலறை ஜன்னலும் சிதறியது. ஓரின் ரத்தம் சொட்டும் துண்டை முகத்தில் அழுத்தியபடி தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஷெரீஃப் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு குறி தவறிய தோட்டா என்று யாரும் பேசவில்லை. ஜன்னல்களை மூடி அடிக்கக் கடையில் பிளைவுட் பலகை தீர்ந்துபோனது. வாங்க முடியாதவர்கள் ஜன்னல்களுக்குக் கம்பளியை ஆணியடித்து மாட்டினார்கள்.

வெண்டலின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வேட்டைக் காலத்தில் ஓரினின் காட்டுக் குடிலில் தங்கியிருந்தவர்கள் மூன்று பேர். ஓரின், ஆர்விட், வெண்டல். அந்த வருஷம்தான் பக்கத்துக் காட்டுக்காரர் லென்னின் மகள், பதினான்கு வயது லினியா, மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்கப் போடும் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு பனியில் செத்துக் கிடந்தாள். ஒரே மானைப் பார்த்து ஒரே நேரத்தில் மூவரும் சுட்டோம், யார் தோட்டா பட்டது என்று தெரியாது என மூன்று பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டா கிடைக்கவே இல்லை. விபத்து என்று கோப்பை மூடினார்கள்.

மூன்றில் ஒருவர் போயாகிவிட்டது. ஒருவர் தப்பியாகிவிட்டது. மிச்சம் யார் என்று கணக்குப் போட வெண்டலுக்கு விரல்கள் தேவைப்படவில்லை.

இர்யாவின் அறைக்குள் அவன் சுவரை ஒட்டியே நுழைந்தான்.

"ஏன் அப்படி வர்றே?"

"கரப்பான் பூச்சி வம்சம் பாஸ். நடுவுல நடந்தா மிதிச்சுடுவாங்க."

இர்யா சிரிக்கவில்லை. அந்த மாவட்டத்துக்கே அவள் ஒருத்திதான் துப்பறியும் அதிகாரி. ஐம்பத்தாறு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவான உயரம். வெண்டல் ஒரு வருஷமாக அவளுக்கு ஓட்டுநர், எழுத்தர், காபி போடுகிறவன், எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன். பயம் வந்தால் அவன் வாய் கூடுதலாக ஓடும். மூன்று நாளாக அது நிற்கவே இல்லை.

மேஜை மேல், குறிபார்க்கும் குழாயான ஸ்கோப் பொருத்திய துப்பாக்கி கிடந்தது. லென்னின் நிலத்துக்குப் பின்னாலிருக்கும் சதுப்பில் நேற்று ஒரு வேட்டைக்காரர் கண்டெடுத்தது. ஷெரீஃப் சாயங்காலத்துக்குள் லென்னைக் கைது செய்யத் தயாராக இருந்தார். அதுவரை அவகாசம் கேட்டு வாங்கியிருந்தாள் இர்யா.

"இது யாருதுன்னு பதிவு எதுவும் இல்லை. ஆனா தோள்ல வெக்கிற இந்தக் கட்டையைப் பாரு. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. சட்டையை வெச்சு ஆளைப் பிடிச்சுடலாம்."

"பிளாஸ்டிக்கைப் போய்க் கட்டைங்கறீங்களே. அதுவே பொய் சாட்சி பாஸ்."

சொன்ன பிறகுதான் அந்தப் பொய் சாட்சி என்ற வார்த்தை அவனையே சுட்டது. இர்யா கவனித்ததாகத் தெரியவில்லை.

அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடையில் விற்கிற சாதாரண பிளாஸ்டிக் கட்டைதான். ஆனால் யாரோ வீட்டில் வைத்து வேலை பார்த்திருந்தார்கள். தோளில் பதிகிற முனையை இரண்டு அங்குலம் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். கிளையில் உரசினால் வெற்று டப்பா மாதிரி சத்தம் வராமலிருக்க, உள்ளே இருந்த பொந்தில் நுரையை நிரப்பியிருந்தார்கள். கன்னம் பதிகிற இடத்தை வலது பக்கமாகக் கெட்டிப் பசை பூசி மேடாக்கியிருந்தார்கள். வலது பக்கம் மேடு என்றால் வலது தோளில் சுடுபவர்களா என்று இர்யா கேட்டாள். வெண்டல் காற்றிலேயே துப்பாக்கி பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டையின் வலது பக்கம் கன்னம் பதிய வேண்டுமென்றால் இடது தோளில்தான் வைக்க முடியும் என்றான்.

"பெயின்ட்டைப் பாரு."

பச்சை மேல் கறுப்பாகப் பூவும் வலையுமாக ஒரு கோலம். லேஸ் திரையைச் சுற்றி அதன் மேல் பெயின்ட்டைப் பீய்ச்சியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் வலை அறுந்து, யாரோ நூல் கோத்து ஒட்டுப்போட்ட தையல்கூட அப்படியே பதிந்திருந்தது.

பின் முனையின் ரப்பரைக் கழற்றினாள். அடியில் கட்டையோடு சேர்த்து மூன்று வெள்ளைத் தகடுகள் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள்.

"காய் நறுக்குற பலகை," என்றான் வெண்டல். "சமையலறையையே கழட்டித் துப்பாக்கிக்குள்ள வெச்சிருக்காங்க."

"எதுக்கு அறுக்கணும்? அறுத்ததை எதுக்கு மறுபடி ஒண்ணு ஒண்ணா ஒட்டணும்?"

"எங்கம்மா எனக்குப் பேன்ட் கீழே மடிச்சுத் தைப்பாங்க. நான் வளர வளர ஒவ்வொரு மடிப்பாப் பிரிச்சு..."

அவன் வாய் நின்றது. மூன்று நாளில் முதல் தடவையாக.

இந்த வழக்கில் வளர்ந்துகொண்டிருந்த ஆள் ஒரே ஒருத்திதான்.

*

லென்னின் சமையலறை ஜன்னலில் அந்தத் திரை தொங்கியது. கீழ் ஓரத்தில் ஒட்டுத் தையல். அதன் மேல் கறுப்புப் பெயின்ட் புள்ளிகள். துவைத்தும் போகவில்லை.

லென் மரமில்லில் வேலை செய்பவர். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். இர்யா துப்பாக்கியை மேஜையில் வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை. கையை மடித்துக் கட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுக்கவும் இல்லை. லினியாவுக்குப் பதினொரு வயதில் அதை வாங்கினாராம். கட்டை அவளுக்கு நீளம். இந்த மேஜையில் வைத்துத்தான் ஆக்ஸா பிளேடால் அறுத்தார். அவள் எதிரே உட்கார்ந்து அளவு சொன்னாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு தகடு. வர்ணம் அடித்தது அவளும் அம்மாவும். திரையைக் கெடுத்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு நாள் அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். அவள் போனபிறகு துப்பாக்கியைப் பின்கொட்டகையில் ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. அது காணாமல் போனதே அவருக்கு இப்போதுதான் தெரியும் என்றார்.

கொட்டகைக்குப் பூட்டு இல்லை. ஆணி மட்டும் இருந்தது. வேலைப் பலகையின் மேல், தூசு படிந்து, நான்காவது வெள்ளைத் தகடு கிடந்தது. அறுத்து, ஓட்டை போட்டு, ஓரம் ராவித் தயாராக இருந்தது.

"பதினஞ்சுக்கு," என்றார் லென்.

வெண்டல் வெளியே போய்ப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. பின்னாலேயே லென் வந்து நின்றது நிழலில் தெரிந்தது.

"நீயும் அந்தக் குடில்ல இருந்தே, இல்ல?"

"ஆமா."

"நீ சுட்டியா?"

"எழுதிக் கொடுத்திருக்கேனே," என்றான்.

லென் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கோபப்பட்டிருந்தால் வெண்டலுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கிளம்பும்போது இர்யா ஒன்று மட்டும் கேட்டாள். லினியாவுக்கு இடது கைப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது? அவள் அம்மாவிடமிருந்து என்றார் லென். உருவமும் அம்மா மாதிரிதான், குள்ளம். மகள் போன மூன்றாம் மாதமே மனைவி அவரை விட்டு டுலூத் நகரத்துப் பக்கம் போய்விட்டாள். போன வாரம் கல்லறைக்குப் பூ வைக்க வந்திருந்ததாக யாரோ சொன்னார்கள், அவர் பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் இர்யா நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். குள்ளம். இடது தோள். துப்பாக்கி எங்கே தொங்கும் என்று தெரிந்த ஆள். மகளைப் பறிகொடுத்த அம்மா. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே வெண்டல் ஒவ்வொரு மரமாகப் பார்த்தபடி காரை ஓட்டினான். அந்தப் பெண்மணி இந்த நிமிஷம் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறாளோ. இருக்கையில் சறுக்கிச் சறுக்கி, ஸ்டியரிங்குக்கு மேல் கண் மட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டான்.

"நீ ரோட்டைப் பார்க்கிறியா, ரோடு உன்னைப் பார்க்குதா?"

"ரெண்டு பேரும் பரஸ்பரம் மரியாதை வெச்சிருக்கோம் பாஸ்."

இர்யாவுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. டுலூத் போலீசுக்கு ஃபோன் செய்ய வேண்டும். பிறகு மணல் குழியில் இந்தத் துப்பாக்கியால் ஒரு தோட்டா சுட்டு எடுத்து, ஆர்விட்டைக் கொன்ற தோட்டாவோடு ஒப்பிட அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வெண்டல் ஓரினின் வீட்டிலேயே இருக்கட்டும், எல்லா ஜன்னலும் பிளைவுட் அடித்த வீடு, அவனுக்கும் கொஞ்சம் மூச்சு வரும் என்றாள். வெண்டலுக்கு அவள் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது.

ஓரினின் வீடு வந்ததும் அவள் ஸ்டியரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தாமல் அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காட்டுல எத்தனை வெடிச் சத்தம் கேட்டுது, வெண்டல்?"

"மூணு. எழுதியிருக்கே."

"எழுதினதைப் படிச்சுட்டேன். கேட்டதைக் கேக்கறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினாள்.

கேட்டது ஒன்றுதான். அன்று அவன் காட்டுக்குள்ளேயே போகவில்லை. குடிலில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வெடி. பத்து நிமிஷத்தில் ஓரின் முகம் வெளுத்து ஓடிவந்தார். ஆர்விட் ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டார், வயதான மனுஷன், ஜெயிலுக்குப் போனால் வசந்தம் வரை தாங்கமாட்டார், மூன்று பேரும் சுட்டோம் என்று சொன்னால் யாரையும் பிடிக்க முடியாது என்றார். ஒரு கிழவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் வெண்டல் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு ஆர்விட் துப்பாக்கியையே தொடவில்லை. ஆகவே சந்தேகப்படவும் இடமில்லை. போன வாரம்கூட ஆர்விட் அவன் வீட்டுக்கு வந்து, தோளில் கை வைத்து, சொல்லிடு தம்பி, சொன்னா பாரம் குறையும் என்றார். தன் பாரத்தை என்னைச் சொல்லச் சொல்கிறாரே என்று வெண்டலுக்கு எரிச்சலாக வந்தது. சரி பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தான்.

*

ஓரினின் சமையலறையில் நடுப்பகலில் விளக்கு எரிந்தது. ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் பலகை. அடுப்பில் காபி கொதித்தது; மேஜையில் ஏலக்காய் ரொட்டி அறுத்து வைத்திருந்தது. பின்கதவோரம் ஓரினின் சொந்த வேட்டைத் துப்பாக்கி சாய்த்து நிறுத்தியிருந்தது. இந்த மாதத்தில் எந்த வீட்டிலும் இருப்பதுதான். மூன்று நாளில் முதல் முறையாக வெண்டல், வெளியே போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றாமல், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். ரொட்டி தொண்டையில் இறங்குவதே சுகமாக இருந்தது.

ஓரின் ஐம்பது வயதுக்காரர். அகலத் தோள், நீளக் கைகள். நெற்றியில் புருவத்தை மூடிக் கட்டுப் போட்டிருந்தார். லென் வீட்டில் என்ன கிடைத்தது என்று விசாரித்தார். வெண்டல் கட்டையைப் பற்றி, தகடுகளைப் பற்றி, டுலூத் போன அம்மாவைப் பற்றி எல்லாம் சொன்னான். இர்யா வர ஒரு மணி நேரமாகும் என்பதையும் சொன்னான்.

"பாவம் அந்தப் பொம்பளை," என்றார் ஓரின். "யாரைச் சொல்லி என்ன பண்றது."

பேசிக்கொண்டே எழுந்து போய், கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடி முன் நின்று கட்டைப் பிரித்தார். புதுசு போட வேண்டுமாம். பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் தொட்டு மெல்ல உரித்தார்.

வெண்டல் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

வலது புருவத்துக்கு மேல் ஒரு பிறை. வளைவு துளியும் பிசகாத அரைவட்டம். முகத்தில் வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஜன்னல் சிதறினால் முகத்தில் பத்து இடத்தில் கிழிக்கும். கன்னம், மூக்கு, உதடு எல்லாம். இப்படி ஒரே இடத்தில் பிறை போடாது. பிறை போடுவது எது என்று இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீளக் கைக்காரன் குட்டைக் கட்டையைத் தோளில் வைத்தால் ஸ்கோப் புருவத்துக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஸ்கோப்பின் வட்ட விளிம்பு வந்து சரியாக அந்த இடத்தில் கடிக்கும். வேட்டைக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தழும்பு உண்டு. அதை வைத்து ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணுவார்கள்.

கண்ணை எடு, கண்ணை எடு என்று வெண்டல் தனக்கே சொல்லிக்கொண்டான். எடுக்க முடியவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து ஓரினின் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன பார்க்கிறே?"

"அழகு குறையலைண்ணே. இப்பவும் பொண்ணு பார்க்கப் போகலாம்."

"ஜன்னல் கண்ணாடி குத்தினது."

"நல்லா வரையுதே அந்தக் கண்ணாடி."

வாய்தான் சொன்னது. அவன் சொல்லவில்லை. சொன்னதைத் திரும்ப விழுங்க வழியிருந்தால் கோப்பையோடு சேர்த்து விழுங்கியிருப்பான்.

ஓரின் அவசரப்படவில்லை. புதுப் பஞ்சை வைத்து ஒட்டினார். கையைத் துடைத்தார். திரும்பி வந்து வெண்டலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றார்.

"காபியை முடி. கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்."

"குளிருதுண்ணே."

"மான் ஓடுற நேரம். நீயும் நானும் போறோம். ஊருக்குத் தெரியாத விஷயமா?" பின்கதவைப் பார்த்துத் தலையசைத்தார். "அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டி வெச்சுட்டு வா."

அதற்கு என்ன அர்த்தம் என்று வெண்டலுக்கு உடனே புரிந்தது. ஆரஞ்சு போடாமல் காட்டுக்குள் போன முட்டாள்; மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன்; ஐயோ பாவம். அதற்கும் ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

முதல் பட்டனைக் கழற்றினான். நேரத்தை இழுக்க வேண்டும். பேச்சு ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த ஆயுதம். இப்போது பார்த்து அதில் தோட்டா இல்லை.

"ஆர்விட் பெரியவரை ஏன்ணே? அவரைக் காப்பாத்தத்தானே நாம கையெழுத்தே போட்டோம்."

ஓரின் நேராக அவனைப் பார்த்தார். பொய் சொல்லிச் சலித்த மனிதனின் முகம் அது.

"அவன்கிட்ட உன் பேரைச் சொல்லியிருந்தேன்."

வெண்டலுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தோளில் விழுந்த அந்தக் கிழட்டுக் கை, சொல்லிடு தம்பி என்ற குரல். அவர் தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வருஷமாக வெண்டலை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெண்டலும் அவரை மன்னித்துக்கொண்டிருந்தான். நடுவில் இந்த மனிதர் நிம்மதியாக மர வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் உன் முகத்தைப் பார்த்துட்டு எனக்கு ஃபோன் பண்ணினான். இவன் சுட்ட முகம் இல்லை, அப்ப யாருன்னு கேட்டான். ரெண்டாவது பட்டனைக் கழட்டு."

பின்கதவு திறந்தது. குளிர்காற்றோடு இர்யா உள்ளே வந்தாள். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்க வேண்டும், சத்தமே கேட்கவில்லை. கதவோரம் சாய்ந்திருந்த ஓரினின் துப்பாக்கியை எடுத்துத் தன் பின்னால் வெளியே பனியில் வைத்தாள். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி அவள் வலது கைக்கு வந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் ஓரின் ஒரு அடி பின்னால் போனார்.

இர்யாவின் வலது புருவத்துக்கு மேல் புத்தம் புதுசாக ஒரு பிறை. அதிலிருந்து ரத்தம் இமை மேல் வடிந்து உறைந்துகொண்டிருந்தது.

"மணல் குழியில ஒரே ஒரு தோட்டாதான் சுட்டேன்," என்றாள். "எனக்கும் கை நீளம்."

யாரும் பேசவில்லை. காபி பொங்கி அடுப்பில் வழிந்தது.

"காலையிலேருந்து செருப்பு யாருக்குப் பொருந்தும்னு தேடிட்டிருந்தோம், வெண்டல். யாரைக் கடிச்சதுன்னு தேடியிருக்கணும். ஓரின், அந்தப் பஞ்சை எடு."

ஓரின் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவே போதுமாக இருந்தது.

மற்றதெல்லாம் அவர் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் புதருக்குள் ஏதோ அசைந்தது, பார்க்காமல் சுட்டார். ஆர்விட் ஃபோன் செய்த மறுநாள், லென் மில்லுக்குப் போன நேரத்தில் பூட்டில்லாத கொட்டகைக்குள் நுழைந்து அந்தத் துப்பாக்கியை எடுத்தார். பழி லென் மேல் விழும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு குழந்தைக்காக அறுத்த கட்டை அது என்பது அவர் கணக்கில் வரவில்லை. ஆர்விட் விழுந்த அதே நொடியில் இவர் புருவமும் கிழிந்தது. ரத்தம் நிற்கவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து, வெளியே நின்று, தன் ஜன்னலையே சுட்டுக்கொண்டார். பிறகு துப்பாக்கியைக் கொண்டுபோய் லென்னின் சதுப்பில் போட்டார். ஊரை மூன்று நாள் கம்பளிக்குப் பின்னால் ஒளியவைத்த அந்த இரண்டாவது தோட்டா, ஒரு காயத்துக்குக் காரணம் சொல்லச் சுட்ட தோட்டா.

ஷெரீஃபின் ஆட்கள் வந்து ஓரினைக் கூட்டிக்கொண்டு போனார்கள். லென்னின் மனைவி டுலூத்தில் ஒரு மருத்துவமனையில் நாலு நாளாக இரவும் பகலும் வேலையில் இருந்தாளாம். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கிருந்து செய்தி வந்திருந்தது.

வெண்டல் காருக்கு வெளியே நின்று இர்யாவின் புருவத்துக்கு மருந்து போட்டான். பாதி மருந்து அவள் காதில் விழுந்தது.

"ஒரே ஒரு வெடிதான் கேட்டுது பாஸ்," என்றான். "நான் காட்டுக்குள்ளயே போகலை. அடுப்படியில நின்னுட்டிருந்தேன்."

இர்யா தலையசைத்தாள். அவளுக்குப் புதிதாக இருந்த மாதிரி தெரியவில்லை.

"உன் கையெழுத்தும் பொய் சாட்சிதான். ரிப்போர்ட்ல உன் பேரும் வரும். வேலை போகலாம். கோர்ட்டுக்கும் போகணும்."

"போறேன்."

"பயமா இருக்கா?"

இருந்தது. ஜன்னலைப் பார்த்து வந்த பயம் போய்விட்டது. இது வேறு. இதற்குக் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

"லென் வீட்டுக்குப் போகணும்," என்றான். "ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடி."

வெளிச்சம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் அவன் அந்தப் படியேறினான். இர்யா காரிலேயே இருந்துகொண்டாள். கதவைத் திறந்த லென் நிலையில் குனிந்தபடி நின்றார். வெண்டல், காலையில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருப்பதாகச் சொன்னான். அவன் சுடவில்லை, ஆர்விட் சுடவில்லை, ஓரின் சுட்டார், ஒரே வெடி, தெரிந்திருந்தும் மூன்று என்று எழுதிக் கொடுத்தான். முன்னும் பின்னுமாக, குழறிக் குழறி, ஒரு வேடிக்கை வார்த்தையும் இல்லாமல் கொட்டி முடித்தான்.

அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. திறந்தபோது லென் கதவிலிருந்து விலகி உள்ளே வழிவிட்டு நின்றார். மேஜையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரே தானும் உட்கார்ந்து, பெரிய கைகள் இரண்டையும் மேஜை மேல் விரித்து வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார். "அன்னிக்குக் காலையிலேருந்து. மெதுவாச் சொல்லு."